ஊசி குத்தினால் முதலில் யாரிடம் சொல்வது?

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தங்கச்சி மகள் போன் செய்தாள். வேறு மாநிலத்தில் தாதியர் படிப்பு, மூன்றாம் ஆண்டு. சாப்பிட்டாச்சா, அங்கே மழையா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, "மாமா, ஒண்ணு கேக்கணும், அம்மாகிட்ட சொல்லக்கூடாது" என்றாள். காலை பதினொரு மணிக்கு வார்டில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்திருக்கிறாள். எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய், இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். கையுறையைக் கழற்றி, விரலை அமுக்கி அமுக்கி நாலு சொட்டு ரத்தம் வெளியேற்றி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வேலை முடியும் வரை நின்றிருக்கிறாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"திட்டுவாங்க மாமா. மூடி போடாதன்னு முதல் வருஷத்துலேயே சொல்லிக் கொடுத்தாங்க. நான்தான் போட்டேன்."

பத்தரை மணி நேரம் ஓடிப் போயிருந்தது. "இப்பவே கிளம்பு. அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. வார்டுல ஊசி குத்திருச்சுன்னு முதல் வார்த்தையாச் சொல்லு. போற வழியிலேயே உன் மேடத்துக்கு மெசேஜ் போடு" என்றேன். அழுதாள். போனாள்.

ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். குத்துவது ஒரு நொடி. அதற்கப்புறம் உள்ள மணி நேரங்கள்தான் உண்மையான விபத்து நடக்கும் இடம் என்பது என் அனுபவம்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில். ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் சுங்கைப் பட்டாணி. நான் பிறந்தபோது சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் பக்கத்து செமிலிங்கில் இருக்கிறது. அதனால் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளையும், கால்பூட்ஸில் மண்ணோடு வரும் தோட்டத் தொழிலாளர்களையும் ஒரே மேசையில் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் வேலையில் காயம் படும். இரண்டு பேரும் அதை மறைப்பார்கள். மறைக்கும் காரணங்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, முதலில் ஊசி.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள்: முப்பது, மூன்று, புள்ளி மூன்று. தடுப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் நூற்றில் முப்பது பேர் வரை தொற்று ஏறலாம். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் மூன்று. எச்ஐவி என்றால் ஆயிரத்தில் மூன்று. இது மனப்பாடத்துக்கான கணக்கு. ஹெபடைடிஸ் பி, நோயாளியின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆறிலிருந்து முப்பது சதவீதம் வரை மாறும். ஹெபடைடிஸ் சி, அண்மைக் கணக்குகளின்படி ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் முதலிடம் மாறவில்லை. ஊசி குத்தியதும் எல்லோரும் முதலில் பயப்படுவது எச்ஐவிக்கு. கணக்குப்படி முதலில் கேட்க வேண்டியது ஹெபடைடிஸ் பி பற்றி. காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு கிடக்கக்கூடிய கிருமி அது.

குத்திய உடனே செய்ய வேண்டியது சோப்பும் ஓடும் தண்ணீரும், அவ்வளவுதான். விரலை அமுக்கக்கூடாது, அமுக்கினால் கிருமி வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, திசுதான் நசுங்கும். குளோராக்ஸ் (பிளீச்), டெட்டால் ஊற்றுவதும் வேண்டாம். கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரால் அல்லது உப்புநீரால் நன்றாக அலச வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "வெறும் சோப்பா?" என்று ஏமாந்ததுபோல் பார்ப்பார்கள். எரிந்தால்தான் மருந்து என்று வளர்ந்தவர்கள் நாம்.

அப்புறம்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எச்ஐவிக்கான தடுப்பு மாத்திரைகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் சில மணி நேரத்திலேயே என்றால் உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகக் கொடுப்பதே இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் விழுங்க வேண்டும். குமட்டும், தலை சுற்றும், பாதியில் விடத் தோன்றும். ஹெபடைடிஸ் பிக்குத் தயார்நிலை எதிர்ப்புரதம் ஒன்று உண்டு, இம்யூனோகுளோபுலின் ஊசி. அது 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, ஏழு நாளைத் தாண்டினால் பயன் சந்தேகம். ஹெபடைடிஸ் சிக்கு தடுப்பூசியும் இல்லை, முன்தடுப்பு மருந்தும் இல்லை. ஆனால் தொற்று வந்துவிட்டது என்று கண்டுபிடித்தால் மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். இதில் மலேசியாவுக்கு ஒரு பெருமை உண்டு: 2017இல் சோஃபோஸ்புவிர் மருந்தின் காப்புரிமையை அரசு உரிமத்தால் தாண்டி, மலிவு விலை மருந்தைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். நம்மூர்ப் பத்திரிகைகளில் ஒரு ஓரத்தில் வந்து மறைந்துபோன செய்தி.

நோயாளியின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், அவர் சம்மதத்தோடு. குத்துப்பட்டவரின் ரத்தத்தை அன்றே எடுப்பது எதற்கு என்று பலருக்குக் குழப்பம். அன்று எடுப்பது, குத்துவதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்கான சாட்சி. பிறகு ஆறு வாரம், மூன்று மாதம் என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள், சிலவற்றுக்கு ஆறு மாதம் வரை. அன்றைய சோதனை இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துத் தொற்று தெரியும்போது "இது வேலையில் வந்ததா, முன்பே இருந்ததா?" என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

தங்கச்சி மகள் விஷயத்தில் என்ன ஆயிற்று? அந்த நோயாளிக்கு எச்ஐவி இல்லை என்று விரைவுச் சோதனையில் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி இருந்தது. சொல்லப்போனால் அது அவர் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இவளுக்குக் குழந்தையில் மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்று என்று என் தங்கச்சி பத்திரமாக வைத்திருக்கும் புத்தகம் சொல்கிறது. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உண்டு. ஆனால் இருபது வருஷத்தில் ரத்தத்தில் எதிர்ப்புரத அளவு இறங்கிவிடும். பத்து அலகுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை; இவளுக்கு அதற்குக் கீழே இருந்தது. இரவு ஒன்றரை மணிக்கு இம்யூனோகுளோபுலின் ஒரு பக்கம், தடுப்பூசி மறுபக்கம் போட்டு அனுப்பினார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள். போன் வராமல் இருந்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அவள் மேடம் திட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஏன் காலையிலேயே சொல்லல" என்று மட்டும் கேட்டாராம். அதுவே இவளுக்குத் திட்டு மாதிரி இருந்தது.

ஏன் சொல்வதில்லை? பயம், வெட்கம் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு நுணுக்கமானது. மாணவிக்கு மதிப்பெண் பயம். புது டாக்டருக்கு, "இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதா" என்ற பேச்சு. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவருக்கு படிவம் நிரப்பும் சலிப்பு. எச்ஐவி சோதனை என்றாலே வீட்டில், கல்யாணப் பேச்சில் என்ன நினைப்பார்கள் என்ற இன்னொரு பயம். நம் சமூகத்தில் அது சின்ன விஷயம் இல்லை. விபத்துப் படிவத்தில் பல இடங்களில் "காரணம்" என்ற கட்டத்துக்குக் கீழே "கவனக்குறைவு" என்று எழுதுவதே வழக்கம். ஒருவர் தன் காயத்தைச் சொல்ல வந்தால், முதல் வேலையாகத் தன் குற்றத்தை எழுதித் தர வேண்டியிருக்கிறது. பிறகு யார் வருவார்கள்? மூடி போட்டது அவள் தவறு, சரி. ஊசியைப் போடும் மஞ்சள் டப்பா கட்டிலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தது? வார்டின் கடைசியில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே. கையில் திறந்த ஊசியோடு ஆறு கட்டிலைத் தாண்டி நடப்பதைவிட மூடி போடுவது பாதுகாப்பு என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. டப்பாவைக் கட்டில் பக்கம் நகர்த்துவதற்கு அறிவுரை தேவையில்லை, ஒரு தள்ளுவண்டி போதும்.

இரசாயனம் வேறு கதை. அங்கே சொல்லாமல் இருக்க முடியாது, கத்திவிடுவோம். அங்கே தோற்பது பொறுமையில்.

என் சொந்த அனுபவம் ஒன்று. இடத்தின் பெயர் வேண்டாம். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் மேல்தட்டிலிருந்து அடர் அசெட்டிக் அமிலப் போத்தலை இறக்கும்போது மூடி சரியாக இறுகாததால் கன்னத்திலும் ஒரு கண்ணிலும் தெறித்துவிட்டது. கண் கழுவும் குழாய் சுவரில் இருக்கிறது, பச்சைப் பலகையும் இருக்கிறது. அதற்கு முன்னால் இடுப்புயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். ஒருவர் பெட்டியைத் தள்ளி, நான் கைப்பிடியை அழுத்தினால், வந்தது தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர். மாதக்கணக்கில் யாரும் திறந்துவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டிய குழாய் அது. சாதாரணத் தொட்டிக்கு இழுத்துப் போய், தலையைச் சாய்த்து, இமையை என் இரண்டு விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது நிமிஷத்தில் "போதும் அண்ணே, சரியாயிருச்சு" என்றான். ஐந்தாவது நிமிஷத்தில் சூப்பர்வைசர் வந்து "கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க, கார் ரெடி" என்றார். பதினைந்து நிமிஷம் ஆகாமல் விடவில்லை. வாழ்க்கையில் நான் செலவழித்த மிக நீளமான பதினைந்து நிமிஷம் அது. நீங்கள் வேண்டுமானால் இன்று குளியலறையில் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பையனுக்குக் கண் தப்பியது.

ஆசிட்டுக்கு எதிராகச் சுண்ணாம்பு, சோடா உப்பு என்று தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் சேரும்போது சூடு கிளம்பி, புண்ணின் மேல் புண் ஆகும். தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் காலில் பட்டால் எங்கள் ஆட்கள் தொட்டியில் இறங்கி நின்றுவிடுவார்கள். படிக்காமலே சரியான வைத்தியம். விதிவிலக்கு என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். பல் மருத்துவத்தில் பீங்கான் பல்லைச் சொரசொரப்பாக்க அந்த அமிலத்தைக் கூழாகப் பயன்படுத்துவது உண்டு. பட்ட உடனே வலிக்காமல், பிறகு எலும்பு வரை இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள். அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு அதே அலமாரியில், அமிலத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்தகத்தில் பூட்டி வைத்து, சாவி வீட்டுக்குப் போன ஒருவரிடம் இருந்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

உடற்கூறியல் கூடத்தில் உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைட் கரைசல்) இந்த மாதிரி ஒரு நாளில் தாக்குவதில்லை. கண் எரிச்சல், மூக்கில் நீர், பிறகு பழகிவிடும். பழகிவிடுவதுதான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் சேர்த்தது. முதலாண்டு மாணவர் சில மாதம் அந்தக் கூடத்தில் இருந்துவிட்டுப் போய்விடுவார். உடலைத் தொட்டியிலிருந்து ஏற்றி இறக்கும் உதவியாளர் இருபது வருஷம் அங்கேயே இருப்பார். மூக்குக்குப் பழகிய வாசனையை யார் புகார் செய்வது?

இங்கே கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது எங்கள் மரத்தின் கதை. 1980களில் எய்ட்ஸ் பயம் வந்தபின், எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையுறை போடு என்ற விதி 1987 வாக்கில் அமெரிக்காவில் வந்து உலகெங்கும் பரவியது. கையுறைக்குத் தட்டுப்பாடு. மலேசியாவில் கையுறை ஆலைகள் வரிசையாக முளைத்தன. இன்றும் உலகில் அதிகம் செய்யும் நாடு நம்முடையதுதான். ரப்பர்ப் பாலில் உள்ள புரதம், கையுறைக்குள் தூவிய சோளமாவுப் பொடியோடு காற்றில் பறந்து, எங்கெங்கோ உள்ள தாதியருக்கு ஆஸ்துமாவும் தோல் தடிப்பும் கொடுத்தது. கடைசியில் 2017இல் பொடி போட்ட கையுறையை அமெரிக்கா தடை செய்தது. ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற வந்த பொருள் இன்னொரு வழியில் அதே தொழிலாளியைப் பிடித்த கதை. இப்போது நீல நிற நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. எந்தக் கையுறையும் ஊசியைத் தடுக்காது; ஊசியின் வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடும், அவ்வளவு.

என் அம்மா பதினெட்டு வருஷம் மருந்து அடிக்கப் போனவர். மருந்து! விஷத்துக்குத் தோட்டத்தில் நாங்கள் வைத்த பெயர் அது. முதுகில் பம்பு, தலையில் துண்டு, கையுறை வெயிலில் வேகும் என்று கழற்றி இடுப்பில் சொருகியிருப்பார். களைக்கொல்லி டப்பாவில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் இருக்கும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அந்த அளவு எழுத்தைப் பார்க்கத்தான் கண் போதாது. நகம் வெளுத்து உதிரும். மூக்கில் ரத்தம் வரும். "உடம்புச் சூடு" என்று மோர் குடிப்பார். தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) ஒரு கலர் தண்ணி மருந்து கொடுப்பார். பராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டால் நகம் உதிர்வதும் மூக்கில் ரத்தம் வடிவதும் மருத்துவம் அறிந்த அறிகுறிகள் என்று நான் வேலைக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. 2002இல் அரசாங்கம் அதைத் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. அம்மா ஓய்வு பெற்றுப் பல வருஷத்துக்கப்புறம்.

அம்மா எவ்வளவு காலம், எதை, எத்தனை பம்பு அடித்தார் என்பதற்கு இன்று ஒரு காகிதம் இல்லை. தோட்டம் கைமாறி, ஆபீஸ் இடிந்து, செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகங்கள் எங்கே போயின என்றே தெரியாது. இதனால்தான் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி, சலிப்பூட்டும் ஒரு வரி: அபாயகரமான இரசாயனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள், அவற்றோடு வேலை செய்பவர்களின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை 30 வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. முப்பது வருஷம் என்பது அதிகாரிக்குத் தலைவலி. நுரையீரலுக்கோ தோலுக்கோ அது நியாயமான காலம்.

சட்டத்தை இரண்டு கதவாக நினைத்துக்கொண்டால் எளிது. ஒன்று, விபத்தை அரசாங்கத்துக்குச் சொல்லும் கதவு. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் குறிப்பிட்ட துறைகளுக்கு என்று இருந்தது, இப்போது வீட்டு வேலை, ராணுவம் போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும். முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500,000 வெள்ளி ஆனது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையும் எழுத்தில் வந்துவிட்டது. 2004ஆம் ஆண்டு அறிவிப்பு விதிகளின்படி, நாலு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தைத் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவுக்கு ஏழு நாளுக்குள் எழுதித் தர வேண்டும்; வேலையால் வந்த நோய், நச்சுப்பாடு என்றால் அதற்குத் தனிப் படிவம். ஊசி குத்தினால் யாருக்கும் நாலு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைப்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால் பெரும்பாலான ஊசிக்குத்துகள் இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. நிறுவனம் தானாகவே ஒரு புத்தகம் வைத்து எழுதினால்தான் உண்டு.

இரண்டாவது கதவு சொக்சோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 1969ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் 34ஆம் எண் படிவத்தில் விபத்தை அறிவிக்க வேண்டும். குறைந்தது நாலு நாள் எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் சேரும். இது நம் ஆட்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. வேலையால் வந்த நோய்க்கும் பட்டியல் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இந்தக் கதவு திறந்தது.

மாணவருக்கு? அவர் சம்பளம் வாங்குவதில்லை, கட்டணம் கட்டுகிறார். சொக்சோவின் கண்ணில் அவர் ஊழியர் இல்லை. பாதுகாப்புச் சட்டம், ஊழியர் அல்லாதவர்களுக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள் என்று நிறுவனத்துக்குச் சொல்கிறது. ஆனால் காயம் பட்டபின் காசு தரும் கதவு அதுவல்ல. மாணவர்களுக்கு மிஞ்சுவது பல்கலைக்கழகம் எடுக்கும் குழுக் காப்புறுதி. அது ஊசிக்குத்துக்கும் சோதனைச் செலவுக்கும் பொருந்துமா, ஆறு மாதத் தொடர் சோதனைக்கு யார் காசு என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் விடுதி அறையில் ஏர்கான் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக, இந்தக் கணக்கில் யாரும் எண்ணாத ஒருவர்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் துப்புரவும் மருத்துவக் குப்பையும் 1990களிலேயே தனியார் குத்தகைக்குப் போய்விட்டன. தனியார் வளாகங்களிலும் பெரும்பாலும் குத்தகை ஆட்கள்தான். ஊசியைக் குத்திக்கொள்பவர் டாக்டரோ தாதியோ என்று நினைக்கிறோம். மஞ்சள் டப்பாவில் போடாமல் கறுப்புக் குப்பைப் பைக்குள் விழுந்த ஊசி, அந்தப் பையைத் தொடையில் சாய்த்துக் கட்டும் பெண்ணின் காலில் ஏறுகிறது. அது எந்த நோயாளியின் ஊசி என்று யாருக்கும் தெரியாது, சோதிக்க ஆளில்லை. டாக்டர்கள் ஆபத்தின் அளவைத் தோராயமாகத்தான் எடைபோட வேண்டியிருக்கும். இன்னும் ஒன்று: ஐம்பது வயதுத் துப்புரவுப் பெண் 1989க்கு முன் பிறந்தவர். குழந்தைத் தடுப்பூசி அவருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக் கோட்டு மாணவிக்கு நுழைவதற்கு முன்பே ரத்தம் எடுத்து எதிர்ப்புரத அளவு பார்க்கிறார்கள். இவருக்கு யார் பார்க்கிறார்கள் என்பது குத்தகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் அதைப் படித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் முன்பு குடியிருந்த அக்கா ஒருவர், அம்மாவோடு மருந்து அடித்தவர், ஒரு தனியார் கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறார். தங்கச்சி மகள் கதையை அம்மா அவரிடம் சொல்லிவிட்டார். ரகசியம் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தாங்கியதே பெரிது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, எனக்கும் ரெண்டு தடவை குத்தியிருக்கு. பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டேன். இப்ப என்ன பண்றது?"

பழைய குத்துக்கு இப்போது மாத்திரை இல்லை, ஆனால் சோதனை உண்டு, தடுப்பூசி உண்டு என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தொற்று எதுவும் இல்லை, தடுப்பாற்றலும் இல்லை. முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். கேட்டார், கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்களாம். முதல் ஊசி மே மாதம், இரண்டாவது ஜூன், மூன்றாவது, முதல் ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து. தோட்டத்து வேலையில் அக்காவுக்கு யாரும் தேதி கொடுத்து ஊசி போட்டதில்லை. எங்கள் சமையலறையில் தொங்கும் மளிகைக் கடைக் காலண்டரைப் புரட்டி, நவம்பர் பக்கத்தில் தீபாவளிக்கு அடுத்த வாரத்தில் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"பலகாரம் சுட்டு முடிச்சிருப்பேன். ஞாபகப்படுத்து தம்பி."